ஆண்டை வீட்டு முன்வாசலில் கலா

முதல் ஷிப்ட் முடிந்து, கும்மிடிப்பூண்டியில் பாசஞ்சர் வண்டியைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. என் மகள் கலா பாயை இழுத்துப் போட்டாள். அதன் ஒரு ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிர் ஓரத்தைக் கையால் தட்டினாள்.

"நைனா, இங்க ஒக்காரு."

"இன்னாத்துக்கு?"

"டீச்சர் சொன்னாங்க. தெனிக்கும் சாயங்காலம் அம்மாகூடவோ நைனாகூடவோ ஒக்காந்துகினு, இன்னிக்கு நமக்கு யாரு நல்லது செஞ்சாங்கன்னு யோசிச்சி சொல்லணுமாம். மறுநாளு அவங்களாண்ட போயி நன்றி சொல்லணுமாம்."

அவளுக்கு அப்போது ஆறு வயது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்து, பேசும்போது காற்று போகும். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் ஷிப்ட் முடிந்ததும் டீக்கடையில் நிற்காமல் வீட்டுக்கு ஓடி வருவேன்.

அன்றைக்கு மட்டும், "நன்றியும் வேணாம், கின்றியும் வேணாம். எழுந்து போய் படி!" என்று கத்தினேன்.

என் மனைவி சரோஜா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். "இப்ப கொயந்த இன்னா கேட்டுச்சின்னு இந்தக் கத்து கத்தற? ஊட்டுப்பாடம்யா அது. இவன் இடுப்ப வுட்டு எறங்க மாட்டேங்கறான், என்னால ஆவாது. நீதான் ஒக்காரணும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றதையும், ரயிலில் சீட்டுக்காகச் சட்டை கிழிந்ததையும் நானேதான் எழுதினேன். ஆனால் கலாவிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் அதற்குக் காரணம். அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குடிசையில் நடந்த ஒத்திகை

எங்கள் ஊர் பொன்னேரிக்குக் கிழக்கே, ஆற்றைத் தாண்டி இருக்கிறது. ஊர் நிலத்தில் பாதி ஒரே வீட்டுக்குச் சொந்தம். அந்த வீட்டுக்காரரை நாங்கள் ஆண்டை என்போம். அவருக்கு ஒரு பேர் இருந்தது. எங்கள் தெருவில் ஒருவரும் அதை வாயால் சொன்னதில்லை. எங்கள் நைனா விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் வயலில்தான் வேலை செய்தார். அம்மா அங்கேதான் நாற்று நட்டாள். எங்கள் குடிசை நின்ற இடமும் அவருடையதுதான்.

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் ஆண்டை வீட்டுப் பின்வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு வேட்டி, ஒரு மரக்கால் நெல், ஒரு கட்டி வெல்லம் கிடைக்கும். பிள்ளைகளையும் கூட்டிப்போவார்கள். ஆனால் சும்மா கூட்டிப்போய்விட முடியாது. அதற்கு முன்னால் எங்கள் குடிசையில் ஒத்திகை நடக்கும்.

எனக்கும் அப்போது ஆறு வயதுதான் இருக்கும். நைனா குடிசையின் நடுக்கம்பத்தைக் காட்டி, "இதான் ஆண்டை" என்றார். அம்மாவின் பழைய புடவையில் ஒரு துண்டைக் கிழித்து என் தோளில் போட்டார்.

"இப்ப ஆண்டை வர்றாரு. இன்னா செய்யணும்?"

எனக்குத் தெரியவில்லை. அவரே என் தோளில் இருந்த துணியை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டார். "தோள்ல துணி இருக்கக் கூடாது. கைய மடக்கிக் கட்டு. கண்ணு அவரு காலப் பாக்கணும், மூஞ்சப் பாக்கக் கூடாது. கேட்டாத்தான் பேசணும். பேசும்போது கையால வாயப் பொத்திக்கணும்."

கம்பத்துக்கு எத்தனை கும்பிடு போட்டேனோ ஞாபகம் இல்லை. சரியாகச் செய்தால் நைனாவின் முகம் மலர்ந்துவிடும். தப்பாகச் செய்தால் அடிக்க மாட்டார், மறுபடியும் துணியைத் தோளில் போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். மனுஷர் அன்றைக்குப் பட்ட பாடு பெரும்பாடு. என் பிள்ளை அங்கே போய் ஏதாவது தப்பு செய்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பயம் அவருக்கு. அது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது அது ஒரு விளையாட்டாக இருந்தது.

பின்வாசலில் எல்லாம் ஒத்திகைப்படியே நடந்தது. வெல்லத்தை வாங்கி வழியிலேயே நக்கித் தின்றேன். அது இனிப்பாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மில்லுக்குப் போனவன்

அறுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகப் பட்டறைகள் வந்தன. ரோலிங் மில்லில் எனக்கு வேலை கிடைத்த கதையைச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதில் வேண்டுமென்றே ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன்.

வேலைக்குச் சேர்வதற்கு முதல் நாள் ஆண்டை ஆள் அனுப்பினார். நானும் நைனாவும் போனோம். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவர் என்னைப் பார்த்து, "எங்கூட்டு சோத்தத் தின்னு வளந்துட்டு இப்ப இரும்பு அடிக்கப் போறியா? நன்றி கெட்ட நாயே!" என்றார்.

அந்தச் சோறு எங்கள் அம்மா முதுகு ஒடிய நட்ட நாற்றில் விளைந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற நைனா, துண்டு இடுப்பில், கை கட்டியபடி, "ஆமாங்க ஆண்டை" என்றார்.

அந்த "ஆமாங்க" என்னை அறுத்தது. ஆண்டை சொன்னதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். பெற்ற அப்பன் ஆமாம் போட்டதை என்னால் விழுங்க முடியவில்லை. அதன் பிறகு நைனாவோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொன்னேரியில் வாடகைக்கு வீடு பார்த்து வந்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் காய்ச்சலில் அவர் போய்விட்டார். கலா அப்போது பிறக்கவில்லை. ஊருக்குப் போய் எல்லாம் செய்து, என் இரண்டு தங்கைகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

நன்றி என்ற வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு அந்தக் களம்தான் தெரியும். மேடையில் யாராவது நன்றியுரை சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பாயில் போட்ட ஒப்பந்தம்

கலா அழவில்லை. அதுதான் என்னைத் தோற்கடித்தது. நான் குளித்து, தோலில் ஒட்டிய எண்ணெய்க் கரியைத் தேய்த்துக் கழுவி, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்தப் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சரோஜாவுக்கு என் கதை முழுக்கத் தெரியும். தட்டை எடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "உனுக்கு அந்த வார்த்த ஆவல, சரி. கொயந்தைக்கு ஒருத்தரு செஞ்சத நெனச்சிப் பாக்கத் தெரியாம போனா நல்லாவா இருக்கும்?"

போய் உட்கார்ந்தேன்.

"தோ பாரு கலா. நான் சொல்ற மாதிரி செய்யறதா இருந்தா ஒக்கார்றேன். அந்த வார்த்தையெல்லாம் வேணாம். கையக் கட்டக் கூடாது, குனியக் கூடாது, கால்ல வுழக் கூடாது. நேரா நின்னுகினு, அவங்க மூஞ்சப் பாத்து, அவங்க இன்னா செஞ்சாங்களோ அத மட்டும் சொல்லு. போதும்."

கலா யோசித்தாள். "செரி. ஆனா நீயும் ஒண்ணு சொல்லணும். நான் சொன்னப்புறம் நீ."

"நான் இன்னாத்துக்கு? எனுக்கா டீச்சர் சொன்னாங்க?"

"அப்பதான் ஆட்டம்."

ஒப்புக்கொண்டேன். மில்லில் யூனியன்காரர்கள் முதலாளியிடம் இவ்வளவு சீக்கிரம் எதையும் வாங்கிப் பார்த்ததில்லை.

முதல் நாள் அவள் சொன்னது பக்கத்து வீட்டு முனியம்மா. குழாயடியில் சரோஜா இல்லாத நேரத்தில் எங்கள் குடத்தையும் வரிசையில் நகர்த்தி வைத்தாளாம். நான் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப நேரம் மண்டையைச் சொறிந்துவிட்டு, தேவராஜ் என்றேன்.

தேவராஜ் மில்லில் என்னோடு ஒரே உருளையில் நிற்பவன். பழுக்கக் காய்ந்த கம்பி உருளைக்குள்ளிருந்து வெளியே வரும்போது அதை இடுக்கியால் கவ்வித் திருப்புவது எங்கள் வேலை. சில சமயம் கம்பி நேராக வராது, துள்ளிச் சுருண்டு ஆளை நோக்கி வரும். அன்று காலை அப்படி வந்தபோது தேவராஜ் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இந்த மாதிரி அவன் என்னை இழுத்ததும், நான் அவனை இழுத்ததும் எத்தனையோ தடவை. ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொண்டது கிடையாது.

"ஊரக் காலி பண்றீங்களா?"

மறுநாள் விடிந்ததும் கலா முனியம்மா வீட்டு வாசலில் போய் விறைப்பாக நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து, "நேத்து எங்க கொடத்த நகத்தி வெச்சீங்க" என்றாள்.

முனியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடத்தில் ஏதோ ஓட்டை விழுந்துவிட்டது, அதற்காகப் பெண்ணை அனுப்பிச் சண்டைக்கு இழுக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். சரோஜா போய் விளக்கியதும் அவள் பயம் வேறு பக்கம் திரும்பிற்று. "இதுக்கெல்லாமா ஒருத்தரு சொல்லுவாங்க? இன்னா சரோஜா, ஊரக் காலி பண்ணினு போறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!" என்று கண் கலங்கிவிட்டாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்தில் தினம் பார்த்துப் பழகுகிறவர்களிடம் யார் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? நாளைக்கு நாம் அவர்கள் குடத்தை நகர்த்துவோம், அதோடு சரி. வாய்விட்டுச் சொன்னால் கணக்கைத் தீர்த்துக்கொண்டு விலகுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

என் கதை இன்னும் மோசம். உலைக்குப் பக்கத்தில் நின்று தேவராஜின் முகத்தைப் பார்த்து, "நேத்து என் சட்டையப் புடிச்சி இழுத்தடா" என்றேன். அவன் கிட்டே வந்து என் வாயை முகர்ந்தான்.

"காலங்காத்தாலயே போட்டுகினு வந்துட்டியா? மேஸ்திரி பாத்தா சீட்டக் கிழிச்சிடுவான்."

"குடிக்கலடா. ஊட்ல கொயந்த சொல்லச் சொல்லுச்சி."

சாப்பாட்டு நேரத்தில் தன் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து என் சோற்றில் வைத்தான். "எம்பொண்டாட்டி வெச்சது. அதயும் சொல்லிடு" என்றான். அதற்கப்புறம் உருளையில் நிற்கும்போது அவன் பக்கம் அடிக்கடி திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. சைக்கிள் கடை பாய் காற்று அடித்துக் கொடுத்ததற்காகக் கலா போய்ச் சொன்னாள். அவர் வெட்கப்பட்டு, பழைய பேரிங்கிலிருந்து பளபளவென்று ஒரு குண்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ரயில்வே கேட்காரர் சிரித்தார். பாண்டு என்ற பையன் மட்டும், அவன் பென்சில் சீவிக் கொடுத்ததை இவள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னதற்காக இவளைக் கிள்ளிவிட்டான்.

நானும் தினம் ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரயிலில் வரும்போதே இன்றைக்கு யாரைச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். யோசித்தால் வரிசையாக ஆட்கள் வந்தார்கள். இத்தனை பேர் கை கொடுத்துத்தான் ஒரு நாள் நகர்கிறது என்பது முப்பது வயது வரைக்கும் என் கண்ணில் படவில்லை.

மழை நாள்

ஐப்பசி மழை வந்தது. காலையில் தொடங்கியது மதியம் வரைக்கும் விடவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். நான் மில்லில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அது உடைந்து ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. கலாவும் இன்னும் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக் கரையில் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பாயில் உட்கார்ந்ததும் கலா சொன்னாள்: "இன்னிக்கு வண்டித் தாத்தா."

"அது யாரு?"

"மாட்டு வண்டியில வந்தாரு. எங்க நாலு பேரயும் தூக்கி வண்டியில ஏத்தினாரு. என் சிலேட்ட அவரு துண்டுல சுத்தி மடியில வெச்சிகினாரு. நான் அழுதனா, அழாத, மாடு ரெண்டும் நல்லா நீந்தும்னாரு. தெருமொனையில எறக்கி வுட்டாரு."

"தாத்தா எப்படி இருந்தாரு?"

"காதுல செவப்புக் கல்லு போட்டுகினு இருந்தாரு. மாட்டுக் கொம்புல பித்தளக் குப்பி. ஒரு கொம்பு நீலம், ஒரு கொம்பு செவப்பு."

இப்படி இரண்டு கொம்புக்கும் வேறு வேறு வர்ணம் அடிக்கிற வீடு அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒன்றுதான். நான் சரோஜாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது.

அந்த வண்டியில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் ஏறி உட்கார்ந்ததில்லை. மூட்டை ஏற்றுவோம், பின்னால் நடந்து போவோம். என் அம்மா பிரசவ வலியில் துடித்தபோதும் அந்த வண்டி கிடைக்கவில்லை. அதில் என் பெண் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஆண்டையே அவளைத் தூக்கி ஏற்றியிருக்கிறார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கக்கூட இல்லை.

"எப்ப போயி சொல்லலாம் நைனா?"

"வேணாம். அவரு தூர ஊரு."

"ஆத்துக்கு அந்தப் பக்கம்னாரே. நடந்தே போலாம்னாரே."

அன்றைக்கு என் முறைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. தலைவலி என்று எழுந்துவிட்டேன்.

நாலைந்து நாள் இழுத்தடித்தேன். கலா வேறு யார் பெயரையும் சொல்ல மாட்டேன் என்றாள். வண்டித் தாத்தாவிடம் சொல்லாமல் அடுத்த ஆளுக்குப் போகக் கூடாதாம். சரோஜா கடைசியில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"அந்தாளு உன்ன இன்னா சொன்னான்னு எனக்குத் தெரியும்யா. அதுக்காவ கொயந்தையாண்ட பொய் சொல்லிகினு திரியறியே, இது நல்லாக்கீதா?"

"அவரு சொன்னதுக்காவ இல்ல சரோஜா."

"பின்ன?"

அவளிடம்தான் முதல்முதலாக அதைச் சொன்னேன். அந்த வாசலில் போய் நின்றால் என் உடம்பு தானாகக் குனிந்துவிடும் என்று எனக்குப் பயம். ஆறு வயதில் கம்பத்துக்கு முன்னால் பழகிய உடம்பு அது. நேராக நில், குனியாதே என்று தினம் பெண்ணுக்குச் சொல்லிவிட்டு, அவள் கண் முன்னாலேயே நான் குனிந்தால்? நான் வாயால் சொன்னதை விட்டுவிட்டு, என் முதுகு சொல்வதைத்தானே அவள் கற்றுக்கொள்வாள்?

சரோஜா எழுந்து கொடியிலிருந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்தாள். பிறகு, "ஞாயித்துக்கெயம போங்க. வெள்ள சட்டயத் தொவச்சி வெக்கறேன்" என்றாள்.

முன்வாசல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டா முடித்துவிட்டுக் கிளம்பினோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு. துண்டு போட மாட்டேன் என்றுதான் சொன்னேன். அப்புறம், ஏன் போடக் கூடாது, தோளில் போட்டுக்கொண்டேதான் போவேன் என்று வீராப்பாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். வழி நெடுக அது அங்கேயே இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. ஊர் முனையில் எங்கள் தெரு. அதைத் தாண்டிப் போனால் ஆண்டை வீடு. என் கால் பழக்கத்தில் சந்துப் பக்கம், பின்வாசலுக்குத் திரும்பியது. கலா என் கையை உதறிவிட்டு, நேராக முன்வாசலுக்குப் போனாள். வீட்டுக்கு வாசல் முன்பக்கம்தானே இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்த உலகம்.

அவர் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்து வைத்திருந்ததில் பாதி ஆள்தான் இருந்தார். கழுத்து எலும்பு தெரிந்தது. காதில் அதே சிவப்புக் கல் கடுக்கன். கலா படியேறி அவருக்கு எதிரில் நின்றாள். நான் படிக்குக் கீழேயே நின்றுவிட்டேன்.

கலா கைகளைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்தாள். "மழ வந்தன்னிக்கி என்ன வண்டியில ஏத்தி வுட்டீங்க. என் சிலேட்டு நனையாம உங்க துண்டுல சுத்தி வெச்சிகினீங்க."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, அழுத பாப்பாவா நீ? அதச் சொல்லவா இம்மாந்தூரம் வந்த? யாரு பொண்ணு நீ?"

"மணி பொண்ணு. எங்க நைனா ரோலிங் மில்லுல இரும்பு புடிக்கறாரு. தோ நிக்கறாரு."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ கோயிந்தன் மவன் இல்ல?"

"ஆமாங்க" என்றேன்.

என் காதிலேயே அது விழுந்தது. நைனாவின் குரல் அப்படியே வந்தது.

அதற்குள் கலா அவருக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு அடி போய்விட்டாள். "இப்ப நீங்க சொல்லுங்க."

"நான் இன்னாம்மா சொல்லணும்?"

"உங்களுக்கு யாரு நல்லது செஞ்சாங்கன்னு. நான் சொன்னன் இல்ல, அப்புறம் நீங்க ஒருத்தர சொல்லணும். அப்பதான் ஆட்டம்."

கிழவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். யோசித்துக்கொண்டே அவர் பார்வை மறுபடியும் என் மேல் வந்து நின்றது. அந்த ஒரு நொடியில் என் நைனாவின் பெயர் அவர் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்த்துவிட்டேன். நாற்பது வருஷம் அவர் நிலத்தில் உழைத்தவர் பெயர்.

அவர் பார்வை என்னைத் தாண்டிக் கொட்டகைப் பக்கம் போனது. "மாடுங்களத்தான் சொல்லணும். அம்மாந்தண்ணியில ஒரு அடி பின்வாங்கலியே, ரெண்டும்."

"அது செரி" என்று கலா ஏற்றுக்கொண்டாள்.

மாடுகளைக் குறை சொல்ல நான் யார்? அவை இழுத்துத்தான் என் பெண் வீடு வந்து சேர்ந்தாள். அப்படி ஒன்றை எதிர்பார்த்தேனே என்று என் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

அவர் உள்ளே குரல் கொடுத்து இரண்டு வாழைப்பழம் வரவழைத்துக் கலாவிடம் கொடுத்தார். "மில்லுல நல்லா இருக்கியா?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியில் விஷம் எதுவும் இல்லை. களத்தில் என்னைச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஆற்றங்கரையில்

ஊர் எல்லையைத் தாண்டும்போது பழக்கத்தில் தோளைத் தொட்டேன். துண்டு இல்லை. இடுப்பில் கட்டியிருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது முடிச்சுப் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை.

கலா ஒரு பழத்தைத் தின்றுகொண்டே வந்தாள். "நைனா, நான் சொன்னது தப்பா?"

"இல்ல பாப்பா. ரொம்ப நல்லா சொன்ன."

"அப்ப நீ ஏன் பயந்துகினு நின்ன?"

சமாளித்திருக்கலாம். வெயில் என்றோ, கால் வலி என்றோ சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக அந்தப் பாயில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகிவிட்டோம்.

"அந்த ஊட்டாண்ட அப்படித்தான் நிக்கணும்னு எனக்கு சின்ன வயசுல சொல்லிக் குடுத்தாங்க."

"யாரு?"

"உங்க தாத்தா."

"தாத்தாவுக்கு?"

"அவங்க நைனா."

அவள் பழத்தோலைத் தூக்கி ஆற்றில் போட்டாள். நான் குனிந்துகொண்டே நடந்தேன். எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது, என் பெண் பார்த்துவிட்டாள். அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ள அந்தத் துண்டைத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் பாய் விரித்தாள். எனக்கு உட்காரவே மனமில்லை. சரோஜா கண்ணைக் காட்டினாள், உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு யாரு?" என்றேன்.

"நைனா" என்றாள்.

"நானா? நான் இன்னா செஞ்சேன்?"

கலா சட்டென்று எழுந்து நின்றாள். ஒப்பந்தப்படி கையைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்தாள்.

"நைனா எனக்கு அந்த மாதிரி நிக்க சொல்லிக் குடுக்கல."

அடுப்படியில் சரோஜாவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. கலா உட்கார்ந்து, "இப்ப நீ" என்றாள்.

ஒரு மாதமாக மேஸ்திரியிலிருந்து சைக்கிள் கடை பாய் வரைக்கும் எத்தனையோ பேரைச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு என் வாயில் வந்தது எங்கள் நைனாவின் பெயர். களத்தில் அவர் சொன்ன "ஆமாங்க" எனக்கு மறுபடியும் கேட்டது. ஆனால் இந்த முறை அதோடு வேறொன்றும் தெரிந்தது. நான் மறுநாள் ரயிலேறிப் போய்விட்டேன். அவர் குடிசை அந்த மண்ணில்தான் நின்றது, கல்யாணம் ஆகாத என் இரண்டு தங்கைகள் அதற்குள் இருந்தார்கள். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அவர்கள் அன்றைக்கே தெருவுக்கு வந்திருப்பார்கள். நான் போக வேண்டும் என்பதற்காகத்தான் அவர் ஆமாம் போட்டிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

"எங்க நைனா. எனக்காவ அந்த ஊட்டு வாசல்ல அவரு போயி நின்னாரு" என்றேன்.

கலா தலையை ஆட்டினாள். பிறகு அவளுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. சொன்னதோடு விட முடியாது, மறுநாள் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

"தாத்தாதான் செத்துட்டாரே நைனா. நீ எப்படி போயி சொல்லுவ?"

"தெரியல பாப்பா" என்றேன்.

இன்று வரைக்கும் தெரியவில்லை.